மூன்று விரல் உயரம்

கடையில் அவளுக்கு அளவக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அங்கிருந்து அதை யாரும் வெளியே எடுத்துப் புழங்கவிட்டதில்லை. முதலாளி முதல் லாரி ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அளவக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த ஒருவர்கூட ஒருமுறை கூச்சமே இல்லாமல் அக்கா என்று கூப்பிட்டுவிட்டுப் போனார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

வேலை, சமையலறை அலமாரிகளை வரைவது. அதுவும் சாதாரண அலமாரி இல்லை. கைப்பிடி கிடையாது, கீல் வெளியே தெரியாது, திருகாணித் தலை ஒன்றுகூடக் கண்ணில் படாது. கதவை லேசாக அமுக்கினால் அதுவே ஓர் அங்குலம் முன்னே வரும். ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டால் மீதித் தூரத்தை உள்ளே ஒளிந்திருக்கும் கேஸ் தண்டு, அதாவது காற்றை அடைத்துவைத்த இரும்புக் குழல், பார்த்துக்கொள்ளும். கதவு பக்கவாட்டில் திறக்காமல் மேலே எழும்பி நிற்கும். மூடும்போதும் பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்து உட்காரும். பார்க்கிறவர்கள் மயங்கிப் போவார்கள். மயங்கட்டும் என்றுதானே கடை வைத்திருக்கிறார்கள்.

அந்த ஒரு விரல் விளையாட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்டையடி வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது. கதவின் எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு, அதற்கு எந்தத் தண்டு என்று கணக்குப் பார்க்க வேண்டும். தண்டுக்குப் பலம் குறைந்தால் கதவு தலையில் இறங்கும். கூடினால் அதை மூடுவதற்கு ஆள் தொங்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தர்மசங்கடம் உண்டு. திறந்து நிற்கிற கதவின் விளிம்பு, வீட்டிலேயே நெட்டையான ஆளின் தலைக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெற்றி புடைக்கும். அதே விளிம்பு, அங்கே சமைக்கிறவரின் கைக்கு எட்டவும் வேண்டும், இல்லாவிட்டால் திறந்த கதவு திறந்தபடியே கிடக்கும். பல வீடுகளில் நெட்டையானவர் சமைப்பதில்லை, சமைக்கிறவர் நெட்டையாக இல்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கோடு போடுவதுதான் அளவக்காவின் பிழைப்பு.

சமைக்கிறவரைச் சுவரோரம் நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொல்வாள். விரல் நுனி தொடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். இதில்தான் வேடிக்கை. தன்னை அளக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் மனுஷர்கள் எக்குவார்கள். குதிகால் தானாக எழும்பும், தோள் காதைத் தொடும், மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார்கள். கேட்டால், நான் எங்கே எக்கினேன் என்று சத்தியம் செய்வார்கள். தினமும் அப்படி நின்றா சமைக்கப்போகிறார்கள்? அதனால் வந்த அளவில் நாற்பது மில்லிமீட்டரைக் கழித்துவிட்டுத்தான் அளவக்கா எழுதுவாள். கழிவு கூடினால் அலமாரி அந்த அளவுக்குக் கீழே இறங்கும். அதற்கு எக்குக் கழிவு என்று அவளே ஒரு பெயரும் வைத்திருந்தாள். படத்தின் மூலையில் அந்த எண்ணைக் குட்டியாக ஒரு வட்டத்துக்குள் எழுதி வைப்பது வழக்கம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு அது, ஆனால் அவள் வரைந்த அலமாரியில் தலை இடித்தது என்றோ கை எட்டவில்லை என்றோ யாரும் கடைப்படி ஏறியதில்லை.

இருபத்தெட்டு வயதில் அவள் இங்கே வந்தது பலகை விளிம்பில் பட்டை ஒட்டும் வேலைக்கு. ஒருநாள் பெரிய அலமாரி ஒன்றைச் செய்து முடித்து நாலு பேர் சுற்றி நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பசை டப்பாவுக்குப் பின்னாலிருந்து அவள், "அந்த வீட்டு மாடிப்படி திரும்பற இடத்துல இது திரும்பாதே" என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் அலமாரி பாதிப் படியில் மாட்டிக்கொண்டது. மேலே இருந்தவர்கள் மேலேயும் கீழே இருந்தவர்கள் கீழேயுமாக மத்தியானம் வரை நின்றார்கள். கடைசியில் அறுத்துத்தான் இறக்கினார்கள். அடுத்த வாரம் முதலாளி ஒரு டேப்பையும் பென்சிலையும் அவள் கையில் கொடுத்தார். அன்று பிடித்த பென்சிலை இருபத்துமூன்று வருடமாகக் கீழே வைக்கவில்லை.

சரி, ஊருக்கெல்லாம் கேஸ் தண்டு போட்டுக் கொடுத்தவள் வீட்டுச் சமையலறை எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? மேல் அலமாரியின் ஒரு கதவு நிற்காது. அதற்கு ஒரு ரப்பர் பேண்ட். சலவைத் தொழிற்சாலையில் துணி தேய்க்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் கணவர், வருடத்துக்கு ஒருமுறை, "இந்தக் கதவை ஒருநாள் சரி பண்ணணும்" என்பார். அவளும், "பண்ணணும்" என்பாள். இரண்டு பேரும் களைத்துப்போய் வருகிற வீட்டில் ரப்பர் பேண்டைவிட உறுதியான சாமான் எதுவும் தேவைப்படவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, தலை சீவ வலது கையைத் தூக்கினாள். கை பாதி வழியில் நின்றுவிட்டது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்தாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். ஒரு மாதம் போயும் கை இறங்கி வரவில்லை, அதாவது ஏறி வரவில்லை. டாக்டர் தோளைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோள் இறுகிப்போச்சு. ஒண்ணு, ஒண்ணரை வருஷம் ஆகலாம். பயிற்சி சொல்றேன், செய்யுங்க. இன்னொரு பக்கமும் வர வாய்ப்பிருக்கு. கையை மேலே தூக்கற வேலை எதுவும் வேண்டாம்" என்றார். அளவக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீந்த வேண்டாம் என்று மீனிடம் சொன்னால் அது என்ன பதில் சொல்லும்? அவள் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. கொண்டை போட முடியாததால் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். வெளியூரில் படிக்கும் மகள் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, பத்து வயசு குறைஞ்சுட்டே" என்று கூத்தாடினாள். தலைவழியாகப் போடும் சட்டைகளை மூட்டை கட்டிவிட்டு, முன்பக்கம் பொத்தான் வைத்தவையாக நாலு வாங்கிக்கொண்டாள். கணவர் கேட்டதற்கு, "வெயில் தாங்கலை" என்றாள். அவரும் நம்பினார். நம்புவது சுலபமாக இருக்கும்போது யார்தான் தோண்டிக் கேட்கிறார்கள்.

கடையில்தான் கஷ்டம். கூடத்தில் வைத்திருக்கும் மாதிரி அலமாரியை வருகிறவர்களுக்குத் திறந்து மூடிக் காட்டுவது அவள்தான். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் காட்ட ஆரம்பித்தாள். "பாருங்க, பழக்கமில்லாத கையாலகூட மூடலாம்." முதலாளி அதைக் கேட்டுப் பூரித்துப்போனார். அடடா, இப்படியல்லவா விற்கணும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வலியை மறைக்கப்போய் நல்ல பெயர் வாங்கியவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த நல்ல பெயரும் ஐந்து மாதம்தான் ஓடியது. பிறகு இடது தோளும் இறுக ஆரம்பித்தது. அதற்கப்புறம், நீங்களே திறந்து பாருங்க என்று கதவை வருகிறவர்கள் கையிலேயே விட்டாள், வீடுகளில் பென்சில் கோட்டையும் அவர்களையே போடச் சொன்னாள்.

இதை ஏன் இப்படிக் கட்டிக் காக்க வேண்டும் என்றால் காரணம் இருந்தது. முதலாளியின் மருமகன் கம்ப்யூட்டரோடு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அலமாரியை வண்ணத்தில் சுழற்றிச் சுழற்றிக் காட்டுவான். பென்சில் படம் யாருக்கு வேண்டும்? இன்னும் அளவக்கா இருப்பது, வீடு வீடாகப் போய் டேப்பைத் தூக்கிப் பிடித்து அளக்கிற கைக்காக, கூடத்தில் கதவைத் திறந்து காட்டுகிற கைக்காக. அந்தக் கை எழும்பாது என்று தெரிந்த அன்றைக்கே வேலை போச்சு. அவளுக்கு முன்னால் அளவெடுத்தவருக்குக் கண் மங்கியபோது நடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். முதலில் உள்ளே ஓர் இடம் கொடுத்தார்கள், அப்புறம் கிடங்குப் பக்கம், அப்புறம் ஒருநாள் அவர் வரவில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அதுதான் அதில் பயங்கரம். வெளியே எங்கே போனாலும் ஐம்பத்தொரு வயதில் கை தூக்க முடியாதவளுக்கு யார் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? 

அளவக்கா வரைந்ததைச் சுவரில் மாட்டுகிறவனுக்கு ரசமட்டம் என்று பெயர். மட்டம் பார்க்கும் அந்தக் கருவியை அக்குளில் இடுக்கிக்கொண்டே திரிவான். டீக்கடை மேசையில்கூட அதை வைத்துப் பார்த்து, "இந்தப் பக்கம் இறங்கியிருக்கு" என்று சொல்லி ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவன். நாற்பது வயது இருக்கும். பதினாலு வருடமாக அவள் கோடு போட, அவன் துளை போட, இரண்டு பேருக்கும் நடுவில் அதிகப் பேச்சு தேவைப்பட்டதில்லை. படத்தில் இருந்தால் சுவரில் இருக்கும். அப்படி ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில்தான் மண் விழுந்தது. ஒரு வீட்டில் இன்னோர் அறைக்கும் அலமாரி வேண்டும் என்று கூப்பிட, முதலாளியே நேரில் போனார். சமையலறையில் புதிதாக மாட்டிய மேல் அலமாரிக்கும் சுவர் ஓட்டுக்கும் நடுவில், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, மூன்று விரல் அகலத்துக்கு வெறும் சிமெண்ட் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. ஓடு பதிக்கிறவர் படத்தில் இருந்த உயரம் வரை சரியாகப் பதித்திருக்கிறார். அலமாரிதான் படத்தைவிட மூன்று விரல் மேலே போய் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலாளி அன்றைக்கே மருமகனை அனுப்பி, கடந்த மூன்று மாதத்தில் ரசமட்டம் மாட்டிய வீடுகளையெல்லாம் அளந்து வரச் சொன்னார். பதினோரு வீடு. பதினொன்றிலும் அலமாரி படத்தைவிட மேலே இருந்தது. மற்ற வீடுகளில் ரசமட்டம் ஓடு பதிக்கிறவரிடம் முன்கூட்டியே பேசி அவரையும் ஏற்றிப் பதிக்க வைத்திருக்கிறான், அதனால் வெளியே தெரியவில்லை. இந்த ஒரு வீட்டில் மட்டும் அவன் போவதற்கு முன்பே அவர் பதித்து முடித்துவிட்டார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு முதலாளியின் கண்ணாடி அறைக்குள் ரசமட்டம் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் தடுப்புக்கு இந்தப் பக்கம் அளவக்காவின் மேசை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"கை பிசகிடுச்சு சார்."

"பதினோரு வீட்டுலயும் பிசகுமா? ஒரே பக்கமா பிசகுமா? ஒரு வீடாவது கீழ இறங்கியிருக்கா பாரு."

"தப்புதான் சார்."

"ஏன் பண்ணினே? அதைச் சொல்லு."

"தப்புதான் சார்" என்றான் ரசமட்டம் மறுபடியும்.

உள்ளபடி சொல்வதானால், அளவக்காவுக்கு முதலில் வந்தது ஆத்திரம். எவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்ட அளவு! இவன் யார் அதைத் தூக்குவதற்கு? பதினாலு வருடம் கூட இருந்தவன் இப்படிக் கழுத்தறுப்பானா? தான் சரி என்று தனக்கே காட்டிக்கொள்வதற்காக, அந்தப் பதினோரு வீடுகளின் படங்களையும் கட்டாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். பழைய படங்கள் சிலவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

தரையிலிருந்து அலமாரியின் அடிவிளிம்பு வரை உள்ள உயரம் ஒவ்வொரு படத்திலும் இருந்தது. வருடக்கணக்காக 1450, 1440, 1460 என்று சுற்றிச் சுற்றி வந்த எண் இந்த மூன்று மாதத்தில் 1410 ஆனது. பிறகு 1400. பிறகு 1380. ஊரில் எல்லோரும் ஒரேயடியாகக் குள்ளமாகிவிட்டார்களா? மூலையில் இருந்த குட்டி வட்டங்களைப் பார்த்தாள். நாற்பது. நாற்பது. நாற்பது. அறுபது. எழுபத்தைந்து. நூறு. கடைசியாகப் போட்ட நாலு படத்திலும் நூறு.

அவள் கையெழுத்துதான். ஆனால் எப்போது எழுதினாள், ஏன் எழுதினாள் என்று நினைவில் இல்லை. நினைவில் இருந்தது வேறு ஒன்று. சுவரோரம் நிற்கும் பெண் கையைத் தூக்குவாள். அந்தக் கை ஏற ஏற அளவக்காவின் தோளுக்குள் யாரோ கத்தியைத் திருகுவது போல இருக்கும். அந்தப் பெண்ணின் விரல் நுனி சுவரைத் தொட்டதுமே, "போதும்மா, போதும், இறக்கிக்கங்க" என்பாள். பாவம், தினமும் இவ்வளவு தூரம் எப்படித் தூக்குவாள் என்று மனசு பதறும். அந்தப் பதற்றம்தான் வழக்கமான நாற்பதுக்கு மேல் இருபதாகவும் முப்பத்தைந்தாகவும் அறுபதாகவும் வட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. மூன்று மாதமாக அவள் ஊராருக்கு வரையவில்லை, தன் தோளுக்கு வரைந்திருக்கிறாள். அப்படியே மாட்டியிருந்தால் பதினோரு வீட்டில் எத்தனை நெற்றி உடைந்திருக்குமோ. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

உள்ளே முதலாளியின் குரல் உயர்ந்தது. "படத்தைவிட உனக்கு அதிகம் தெரியும்னா நீ தனியா கடை வெச்சுக்க. நாளையிலிருந்து வர வேண்டாம்."

"சரிங்க சார்" என்றான் ரசமட்டம்.

சரியாம். இரண்டு பிள்ளைகளின் அப்பன், வேலை போகிறது என்று சொல்கிறார்கள், சரிங்க சார் என்கிறான். அளவக்கா படக்கட்டை அள்ளிக்கொண்டு எழுந்தாள். கூடத்தில் ஒரு கணவன் மனைவி, மாதிரி அலமாரியைப் பார்க்கக் காத்திருந்தார்கள். மருமகன் அவர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஏதோ சுழற்றிக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கதவை இடுப்பால் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனாள். கதவு பின்னால் மூடவில்லை.

"சார், தப்பு அவன் மேல இல்லை. படம்தான் தப்பு."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஏம்மா நடுவுல வர்றீங்க? உங்க படம் இருபது வருஷத்துல தப்பினதே கிடையாது. இவனுக்குப் பரிஞ்சு பேசணும்னு உங்க தலையில போட்டுக்காதீங்க."

அங்கேயே ஒரு வழி இருந்தது. அவர் நம்பத் தயாராக இருந்தார். அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, ஏதோ கேட்டுப் பார்த்தேன் என்கிற மாதிரி திரும்பியிருக்கலாம். ரசமட்டம் அவளைப் பார்த்து, போங்கக்கா என்கிற மாதிரி கண்ணால் சாடை காட்டினான். அந்தச் சாடைதான் அவளைப் போகவிடாமல் செய்தது.

"சார், என்னைப் பாருங்க" என்றாள்.

படக்கட்டை மேசையில் வைத்துவிட்டு வலது கையைத் தூக்கினாள். கை நெஞ்சு உயரம் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தூக்கப் பார்த்தாள். தோள் காதுவரை ஏறியதே தவிர கை ஏறவில்லை. இடது கையைத் தூக்கினாள். அது கழுத்தைத் தாண்டவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாலு பேர் முன்னால் இப்படி நிற்பது அவளுக்கு அவமானமாக இருந்தது, ஆனாலும் கைகளை இறக்கவில்லை.

"இதான் சார் என் அளவு. எட்டு மாசமா வலது, மூணு மாசமா இடது. இந்தக் கையை வெச்சுத்தான் எல்லாருக்கும் வரைஞ்சிருக்கேன். எனக்கே தெரியாம வரைஞ்சிருக்கேன். அவன் தூக்கி மாட்டலேன்னா பதினோரு வீட்டுலயும் தலை இடிச்சிருக்கும்."

முதலாளி படக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "கையை இறக்குங்கம்மா" என்றார். ரசமட்டத்தைப் பார்த்து, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் சார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா அக்காவை உள்ள உக்கார வெச்சிருவீங்க."

முதலாளி மறுக்கவில்லை. மனுஷன் கெட்டவர் இல்லை, பொய் சொல்கிறவரும் இல்லை. "ஆமா, வெச்சிருப்பேன்" என்றார். அப்புறம், யாரையும் நேராகப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார். ரசமட்டம் போய் அந்த வீட்டுச் சிமெண்ட் இடைவெளியை இன்றைக்கே அடைக்க வேண்டும், வேலைக்கு வழக்கம்போல வரலாம். வீடுகளுக்குப் போய் அளப்பதும் கூடத்தில் கதவு காட்டுவதும் இனிமேல் மருமகன் வேலை. "நீங்க உள்ள இருந்து படத்தைச் சரி பாருங்க. இன்னும் மாட்டாத வீடு நாலு இருக்கே, அதை முதல்ல திருத்துங்க. கை நல்லா ஆகட்டும், அப்புறம் பாக்கலாம்."

பாக்கலாம் என்ற சொல்லுக்கு அந்தக் கடையில் என்ன பொருள் என்று அளவக்காவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடக்காத காரியம் எல்லாவற்றுக்கும் இருபத்துமூன்று வருடமாக அவளே வாங்க வருகிறவர்களிடம் சொல்லி வந்த சொல் அது. சொல்கிற பக்கம் நின்றபோது எவ்வளவு மிருதுவாக இருந்தது!

மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். எது நடக்கக் கூடாது என்று எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளோ, அது ஐந்து நிமிடத்தில் நடந்து முடிந்துவிட்டது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது தூக்கம். வலியைவிட அதை மறைத்ததுதான் ஆளை இப்படி அடித்துப் போட்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. கூடத்தில் மருமகன் அந்த மனைவியிடம், "கையைத் தூக்குங்க மேடம்" என்று சொல்லும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ரப்பரை எடுத்து முதல் படத்தில் 1380-ஐ அழித்தாள். அழிப்பதற்குக் கையைத் தூக்க வேண்டியதில்லை, அந்த மட்டுக்கும் நிம்மதி.

மூன்றாவது படத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது ரசமட்டம் திரும்பி வந்தான். சட்டை முழுக்கச் சிமெண்ட். இரண்டு டீ வாங்கி வந்திருந்தான். ஒன்றை அவள் முன்னால் ஓசையோடு வைத்தான். கோபமாக இருக்கிறான் என்று அர்த்தம்.

"ஏன்க்கா சொன்னீங்க? நான்தான் சரின்னுட்டேன்ல. வெளியே போனா எனக்கு எங்கேயாவது வேலை கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்குமா?"

"நீ போயிட்டா அடுத்து வர்றவன் படத்துல இருக்கற மாதிரியே மாட்டிட்டுப் போவான். அப்ப நாலே நாள்ல குட்டு வெளிப்படும்."

"நாலு நாளாவது இருந்திருப்பீங்கல்ல."

"அந்த நாலு நாளைக்காக உன்னை அனுப்பிட்டு வீட்டுல போய்ச் சாப்பிடச் சொல்றியா?"

அவன் முக்காலியை இழுத்துப் போட்டான். எதிரே உட்கார்ந்து டீயை உறிஞ்சினான். அவளும் குடித்தாள். பிறகு காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"எனக்கே தெரியலை, நான் எவ்வளவு இறக்கியிருக்கேன்னு. நீ எப்படிக் கண்டுபிடிச்சே? இங்க ரெண்டு விரல், அங்க மூணு விரல்னு கரெக்டா ஏத்தியிருக்கே. மூலையில போட்ட வட்டத்தைப் பாத்தியா?"

"எந்த வட்டம்?" என்றான் ரசமட்டம். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"பின்ன எப்படி?"

அவன் சொல்லத் தயங்கினான். கையில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டினான். "நீங்க டீ குடிக்கறப்ப கப்பைத் தூக்கறதில்லைக்கா. தலையைக் குனிஞ்சு கப்புகிட்ட போறீங்க. மூணு மாசம் முன்னாடி கொஞ்சம் குனிஞ்சீங்க, ரெண்டு விரல் ஏத்தினேன். போன மாசம் இன்னும் குனிஞ்சீங்க. சரி, மூணு விரல்னு வெச்சுக்கிட்டேன். எனக்கு வேற கணக்கு தெரியாது."

அளவக்கா தன்னைப் பார்த்தாள். கோப்பை மேசையிலேயே இருந்தது, ஒரு விரல் அளவுகூட எழும்பியிருக்கவில்லை. அவள் முகம்தான் அதன்மேல் கவிழ்ந்திருந்தது. எப்போதிலிருந்து இப்படிக் குடிக்கிறாள்? வீட்டில் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷருக்குத் தெரியவில்லை. கண்ணாடி பார்க்கிற அவளுக்கே தெரியவில்லை. ஊர் முழுக்க ஆட்களைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்துகொண்டு திரிந்த அத்தனை நாளும், ஒருவன் ஒரு வார்த்தை பேசாமல் எதிரே உட்கார்ந்து அவளை அளந்திருக்கிறான். இப்போது அழுகை வந்தது. கடைக்குள் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

ரசமட்டத்துக்குத் தேற்றத் தெரியாது. எழுந்து பட்டறைக்குள் போனான். அறுத்துப் போட்ட பலகைத் துண்டுகளைக் கிளறும் சத்தம் கேட்டது. உள்ளங்கை அகலத்தில் மூன்று துண்டோடு திரும்பி வந்தான். ஒன்றின்மேல் ஒன்றாக மேசையில் அடுக்கினான். அக்குளில் இருந்த கருவியை எடுத்து அதன்மேல் வைத்து, மட்டம் பார்த்து, மேல் துண்டைக் கொஞ்சம் நகர்த்தினான். பிறகு அவள் கோப்பையை எடுத்து அந்த அடுக்கின்மேல் வைத்தான்.

"இப்ப குனியாம குடிங்க" என்றான்.